வடக்கு வாசலை அடைத்தது சம்பந்தமாக

லிட்டில் வெக்ஸ்லிங், நார்ஃபோக்
22 அக்டோபர் 1983, சனிக்கிழமை மாலை

அன்புத் தங்கை ஹெஸ்டருக்கு,

அண்ணன் ஆம்ப்ரோஸ் ஆசிகளுடன் எழுதுவது. மைத்துனர் ரெஜினால்டுக்கு என் வணக்கத்தைச் சொல். ஹம்ஃப்ரி பயலின் இரண்டு உள்ளங்கால்களிலும் என் சார்பாக ஒவ்வொரு முத்தம் வை. நானும் உன் அண்ணி பெர்த்தாவும் சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால், சௌக்கியம்.

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. நீ கேட்டது ஒரே கேள்வி: வருகிற முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் ஞானஸ்நானத்தை நம் ஊர் ஆலயத்திலேயே வைத்துக்கொள்ளலாமா, அங்கே என்னவோ நடந்ததாகக் காதில் விழுந்ததே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாமா கூடாதா. தபால் அட்டையில் ஒரு சொல்லில் முடிக்க வேண்டிய பதில். ஆனால் டாக்டர்கள் எல்லாரும் கைவிரித்த பிறகு நாற்பத்தொரு வயதில் பெற்ற பிள்ளை. அவன் விஷயத்தை என்னை நம்பிக் கேட்கிறாய். நானோ இந்த ஆலயத்தின் வார்டன், அதாவது பித்தளைப் பூண் போட்ட கோல் உண்டு, அதிகாரம் கிடையாது. போதாததற்கு நடந்த அத்தனைக்கும் மூலகாரணமும் நான்தான். ஆகவே முழுக்கச் சொல்லிவிட்டுப் பிறகு அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். ரெஜினால்டுக்குப் பொறுமை இருக்காது, அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கட்டும்.

எல்லாம் கக்கூஸில் ஆரம்பித்தது. அறுநூற்றைம்பது வருஷமாக நம் ஆலயத்தில் அது இல்லாமல் சமாளித்துவிட்டார்கள், எப்படி என்று யோசிக்க நான் விரும்பவில்லை. ஆனால் உனக்கும் எனக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்த மிஸ் கெட்ஜுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இரண்டாவது பாட்டு ஆரம்பித்தவுடன் எழுந்து எதிர்ச்சாரி மதுக்கடைக்குப் போய்விட்டு, நான்காவது பாட்டுக்குத் திரும்பி வருகிறார். கக்கூஸுக்குத்தான் போகிறார், ஆனால் கண்ணாரப் பார்த்தவர்கள் சொன்னாலும் ஊர் நம்புமா. ஆகவே பங்குச் சபையில் தீர்மானம் போட்டு, பிஷப் அலுவலகத்துக்கு எழுதி, நாலு வருஷம் காத்திருந்து அனுமதி வாங்கினோம். எங்கே கட்டுவது என்றுதான் பிரச்சினை. கிழக்கே பீடம். மேற்கே கோபுரத்தடியில் மணிக்கயிறுகள். தெற்கே எல்லாரும் நுழைகிற முகப்பு. அப்போதுதான் ஒரு மகா புத்திசாலி எழுந்து, "வடக்குச் சுவத்துல அடைச்ச வாசல் ஒண்ணு சும்மாதானே கெடக்குது, அதைத் தொறந்து அந்தப் பக்கம் கட்டிக்கலாமே" என்றான். அந்தப் புத்திசாலியின் கையெழுத்தைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாய்.

அந்த வாசல் உனக்கு நினைவிருக்கும். தெற்கு வாசலுக்கு நேர் எதிரே, சுவரில் கூர்வளைவின் தடம் மட்டும் தெரியும். இரண்டு வாசலுக்கும் நட்டநடுவில் ஞானஸ்நானத் தொட்டி. கட்டியவர்கள் காரணத்தோடுதான் அப்படி வைத்தார்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்துப் பிள்ளையிடமிருந்து குட்டிச்சாத்தானை விரட்டினால், அது எங்கேயாவது போக வேண்டுமல்லவா. தெற்கே சொந்தபந்தம் நிற்கிறது. ஆகவே அந்த நேரத்துக்கு மட்டும் வடக்குக் கதவைத் திறந்துவைத்து, போனதும் சாத்திவிடுவார்கள். 1783இல் இருந்த பாதிரியாருக்குக் கழுத்துப்பிடிப்பு. காற்று அடிக்கிறது என்று சொல்லி அந்த வாசலை வெளியே சிக்கிமுக்கிக் கல்லும் உள்ளே செங்கல்லும் வைத்து மூன்றடி கனத்துக்கு அடைத்துவிட்டார். வருஷத்தைக் கல்லில் கீறியும் வைத்தார். ஞானஸ்நானம் மட்டும் நிற்கவில்லை. பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன், காரியம் கெட்ட பிறகு. அன்று முதல் இன்று வரை ஆயிரத்து நூற்றுப் பதினாலு பிள்ளைகள், அதில் நீயும் நானும் உண்டு. விரட்டியது விரட்டியபடி, போக வழிதான் இல்லை. இருநூறு வருஷமாக இந்த ஊரில் ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லை, ஹெஸ்டி. கூரை ஒழுகுவதைப் பற்றி மட்டும் மாதம் தவறாமல் பேசினோம்.

செப்டம்பர் கடைசியில் கொத்தனார் டாக் வந்து உள்பக்கத்துச் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்தான். மேலே எல்லாம் முரட்டுக் கல். கீழே, முழங்கால் உயரம் வரை, வளைவின் இரண்டு பக்கமும் கல் வழவழவென்று பளபளத்தது. டாக் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இது உளி வேல இல்லீங்க," என்றான்.

"பின்ன என்னவாம்?"

"எங்க வீட்டு வாசப்படி இப்பிடித்தான் இருக்கும், ஏறி எறங்கித் தேஞ்சு. ஆனா இது நிக்கிற சுவரு. அதுவும் சுண்ணாம்புக்கு உள்ள. இவ்ளோ கீழ யாருங்க சாஞ்சு நின்னுருப்பா?"

பாதிரியார் பென்ஹாலோ எட்டிப் பார்த்தார். "ஈரம்," என்றார். அவர் கார்ன்வால்காரர், ஞானஸ்நானம் வாங்கியதும் அங்கேதான். இந்த ஆலயத்தில் எது நடந்தாலும் அவருக்கு ஈரம்தான்.

கடைசிக் கல்லை உருவினபோது நானும் அங்கே இருந்தேன். பட்டப்பகல், வெளியே இலை அசையவில்லை. உள்ளேயிருந்து வெளியே காற்று அடித்தது. பாட்டுப் புத்தகங்கள் பெஞ்சுகளில் தானாகப் புரண்டன. பீடத்து மெழுகுவத்திச் சுடர் அத்தனையும் வடக்கே பார்த்துப் படுத்துக்கொண்டது. பெர்த்தா ஒரு கேக் கலக்கி, சுட்டு, ஆறவைக்கிற நேரம் அடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. மணி அடித்ததும் பள்ளிக்கூடம் காலியாகுமே, அந்தச் சத்தத்திலிருந்து காலடிகளை மட்டும் எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. டாக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏன்யா தொப்பியக் கழட்டுற?" என்றேன்.

"தெரியலீங்க. இத்தன பேரு போறாங்கன்னா கழட்டணும்ல."

அப்புறம் இரண்டு வாரம் ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நம்மவர்கள் குணம் உனக்குத் தெரியாததா. வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்ட மாட்டோம். ஆளாளுக்கு இது தனக்கு மட்டும் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆலயத்துக்கு யார் எந்த வாரம் பூ வைப்பது என்ற முறைப் பட்டியலையும் பூசணிக்காய்ப் போட்டியையும் பற்றிப் பேசினோம். என்னிடமிருந்து அன்று விரட்டியது செவ்வாய்க்கிழமை வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. மத்தியானம் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன், உள்ளே ஏற்கெனவே ஒரு கை இருந்தது, சின்னது, குளிர்ந்தது. அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தபோது மடியில் கனம். இறைச்சி வர ஐந்து நிமிஷம் தாமதமானது, அவ்வளவுதான், ஐம்பத்திரண்டு வயதில் நான் கரண்டியால் மேசையை அடித்து ஊளையிட்டேன். பெர்த்தா லோஸ்டாஃப்ட் ஊர் மெதடிஸ்ட் குடும்பம், ஞானஸ்நானம் வாங்கியது இங்கே இல்லை, ஆகவே அவளுக்கு இதெல்லாம் பாதிப்பில்லை. சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "இருவத்தஞ்சு வருஷமா மனசுக்குள்ளயே பண்ணிக்கிட்டு இருந்தீங்க, இன்னிக்கு வெளிய வந்துருச்சு," என்றாள்.

மிஸ் கெட்ஜ்தான் முதலில் உடைத்தார். ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கும்போது ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார். "ஒருத்தருக்கு ஒண்ணுதான் டீச்சர்," என்றாள் பெர்த்தா. "தெரியும். இது எனக்கில்ல," என்றார். மிஸ் கெட்ஜ் நிமிர்ந்து நின்று, பாடம் நடத்துகிற குரலில், "நேத்துக் காலைல கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துச் சுவத்துல அடிச்சேன். எழுபது வருஷத்துல அவ்ளோ சந்தோஷமா நான் இருந்ததில்ல. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்தேன்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வீட்டுக்கு ஒரு நாய் வளர்க்கவில்லையா. ஆனால் ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் உயிரோடிருப்பவர்கள் எத்தனை பேர். செத்துப்போனவர்களுடையவை கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. டாக் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். தெற்குப் பக்கத்துக் கல்லறை ஒவ்வொன்றின் மேலும் புல்லில் ஒரு சின்னப் பள்ளம், முயல் படுத்து எழுந்த மாதிரி. தொட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் பனி இல்லை. நம் அப்பாவின் மேலும் ஒன்று இருந்தது. ஆளைக் காணாமல் அங்கே ஒரு வாரம் படுத்துப் பார்த்தவை, பிறகு எழுந்து ஊருக்குள் நடக்க ஆரம்பித்தன. பிள்ளைகள் இருக்கிற இடமாகத் தேடிப் போயின. க்யூபிட் வீட்டுப் புதுக் குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. கடைக்கு வெளியே நின்ற அதன் தள்ளுவண்டியை அம்மாக்காரி நகர்த்தப் பார்த்தாள், நகரவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து தள்ளினோம் என்றார்கள், மேட்டில் ஏறும்போது மூன்று பேர். உள்ளே ஏழு ராத்தல் பிள்ளை, தூங்கிக்கொண்டிருந்தது, தூக்கத்தில் கிழவனைப் போல இருமியது. அன்று முதல் அந்தப் பிள்ளை பாலைச் சரியாகக் குடிக்காமல் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தது. இதைக் கேட்டவுடன்தான் உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன், ஹம்ஃப்ரிக்கும் இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரை விட்டுப் போனவர்களுடையவை பஸ் நிறுத்தத்தில் நின்றன. காலை எட்டே கால் வண்டி யாருமில்லாத நிறுத்தத்தில் நிற்கும், டிரைவர் கதவைத் திறப்பார், காத்திருப்பார், சாத்துவார். "ஏன் நிப்பாட்டுறேன்னு எனக்கே தெரியல சார், போனா பாவம்னு தோணுது," என்றார் என்னிடம். அந்த நிறுத்தத்தின் பெஞ்சில் ஒரு நாள் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. பெஞ்சின் மறுமுனை லேசாகத் தாழ்ந்தது. சிறிது நேரத்தில் அது அழ ஆரம்பித்தது. சத்தம் காதில் விழவில்லை, பல்லில் தெரிந்தது. நான் அதை அடையாளம் கண்டுகொண்டேன். உன் ஞானஸ்நானத்தின்போது எனக்குப் பதினோரு வயது. கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துபோகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாய், தலையில் தண்ணீர் பட்டதும் கத்தரித்த மாதிரி நின்றாய். "எவ்ளோ நல்ல பொண்ணு," என்றாள் அம்மா. அதற்குப் பிறகு நீ யாரையும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ரெஜினால்ட் உன் பியானோவை விற்றபோதுகூட. உன்னுடையது இத்தனை வருஷமும் அந்தச் சுவரருகே நின்று கத்திக்கொண்டு இருந்திருக்கிறது. நான் அதை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பஸ்ஸில் ஏறிவிட்டால் என்ன செய்வது.

பங்குச் சபை கூடியது. நான் குறிப்பேட்டில் எழுதியபடியே தருகிறேன்: "வடக்கு வாசல் வழியாக வெளியேறியோரை அதே வாசல் வழியாகத் திரும்ப அழைத்துக்கொண்டு, வாசலை முன்போல் அடைப்பது. முன்மொழிந்தவர் மிஸ் கெட்ஜ். வழிமொழிந்தவர் திருமதி க்யூபிட். எதிர்ப்பு: பாதிரியார், ஈரம் காரணமாக. கக்கூஸ் விஷயம் ஒத்திவைக்கப்பட்டது."

இன்று காலை பதினொரு மணிக்கு அது நடந்தது. மழை தூறியது. ஊரே நல்ல உடுப்பில் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வடக்குப் பக்கம் வந்தது. ஒவ்வொருவரும் கைகளை மடித்து, இல்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இறந்தவர்களுடையதை அவரவர் வீட்டார் எடுத்துக்கொண்டார்கள், சில பேர் கையில் மூன்று நான்கு. சொந்தம் யாரும் மிஞ்சாதவற்றுக்கு மிஸ் கெட்ஜ் வாசலில் நின்று பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார், பழைய வகுப்பறை மாதிரி, ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் காத்திருந்து அடையாளம் போட்டார். முந்நூற்றுச் சொச்சம் பெயர். ஒரு பெயருக்குக் கூடுதல் நேரம் காத்திருந்தார். பிறகு, "சரி, வந்தாச்சு," என்று அடுத்ததற்குப் போனார். க்யூபிட் வீட்டுக்காரி தள்ளுவண்டியை வாசல் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு போனாள், தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள், திரும்பி வரும்போது ஒரு கையால் தள்ளிக்கொண்டு வந்தாள்; பிள்ளை பாலுக்கு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவளும் அழுதாள். கடைசியில் நான் இரண்டு கைகளிலும் சுமந்துகொண்டு போனேன், என்னுடையது வலது, உன்னுடையது இடது. உள்ளே பகலிலும் இருட்டு. எங்கே பார்த்தாலும் காலி பெஞ்சுகள், ஆனால் நடக்க இடம் தேடி ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் டாக் கல் வைக்க ஆரம்பித்தான். நாலு மணிக்குக் கூர்வளைவின் உச்சிவரை அடைத்துவிட்டான். காதை வைத்துக் கேட்டேன். சுவர், அவ்வளவுதான்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: வா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தைரியமாக வா. எல்லாம் உள்ளே இருக்கிறது, வாசல் அடைத்தாகிவிட்டது, ஹம்ஃப்ரியிடமிருந்து போவதும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும், தனியாக இருக்காது. பெர்த்தா வாத்து வறுப்பதாகச் சொல்கிறாள். ரெஜினால்டைக் கறுப்பு பூட்ஸ் போட்டு வரச் சொல், இங்கே சேறு.

கர்த்தர் உங்கள் மூவர் மேலும் தம் முகத்தைப் பிரகாசிக்கச் செய்வாராக. பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவனுக்கு அத்தை பெர்த்தாவின் கொஞ்சலும்.

என்றும் உன் அன்பு அண்ணன்,
ஆம்ப்ரோஸ் திர்ட்டில்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பெர்த்தா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "தங்கச்சிகிட்டயே இப்பிடிப் புளுகுறீங்களே, ஞாயித்துக்கிழம அவ வந்து நின்னா என்ன செய்வீங்க?" என்றாள். ஆகவே நிஜத்தை எழுதுகிறேன். மற்றவர்கள் விட்டுவிட்டு வந்தார்கள், நான் விடவில்லை. தொட்டியருகே குனிந்தேன், என்னுடையது என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. ஐம்பத்திரண்டு வருஷம் அந்தச் சுவரில் சாய்ந்து நின்ற ஒன்றை மறுபடியும் அங்கேயே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உன்னுடையதையும் நிறுத்த முடியவில்லை. போகும்போது வெறுங்கை, வரும்போதும் வெறுங்கை, யார் கண்டுபிடிக்க முடியும். என்னுடையது இப்போது அடுப்பருகே இருக்கிறது, சாதுவாகத்தான். உன்னுடையது மத்தியானம் முழுக்க மாடியில் இருந்தது. மாடியில் நம் பழைய தொட்டில் ஆடுகிற சத்தம். பெர்த்தா போய்ப் பார்த்தாள், காலி, ஆனால் உள்ளே விரிப்பைச் சரிபண்ணி, ஒரு பக்கமாக இடம் விட்டு வைத்திருக்கிறது. யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வராதே. அவனுக்கு அங்கேயே, வடக்கே வாசல் எதுவும் இல்லாத புது சர்ச் ஏதாவது ஒன்றில் செய். அல்லது கொஞ்ச நாள் செய்யாமலேயே இரு, அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டிரு.

உன் முகவரியை இங்கே நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சற்று முன் கவரின் மேல் எழுதும்போது இடது தோளில் கனம் ஏறியது. அதற்கு வாசிக்கத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். தெரு, எண், லெஸ்டர் என்று எழுதி முடிக்கும்வரை இருந்துவிட்டு இறங்கியது. மாடியில் தொட்டில் சத்தம் இல்லை. நான் சாத்தியிருந்த வாசல் கதவு இப்போது திறந்திருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்து சேர்ந்துவிடுமா என்று தெரியவில்லை; பிள்ளையைத் தேடி வருகிறதா உன்னைத் தேடி வருகிறதா என்றும் தெரியவில்லை. முழங்கால் உயரத்தில் யாராவது கதவைத் தட்டினால் ரெஜினால்டை அனுப்பாதே, ஹெஸ்டி. நீயே போய்த் திற.